28 உடன் ஒன்று கூட்டினால் 27

வணக்கம் மக்களே. திரையில் 2026-02-28 என்று ஒரு தேதி இருக்கிறது. இதை மறுநாளுக்குத் தள்ள வேண்டும். விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டர் பழகியவர்கள், "28 மேல் கர்சரை வைத்து கன்ட்ரோல் ஏ அடி, ஒன்று கூடிவிடும்" என்பீர்கள். அடிக்கிறேன், பாருங்கள்.

27!

முன்னால் இருக்கும் சின்னக் கோட்டை விம் மைனஸ் என்று எடுத்துக்கொள்கிறது. மைனஸ் 28 உடன் ஒன்று கூட்டினால் மைனஸ் 27தானே? கணக்கு சரி, தேதிதான் போச்சு. இதைக் கவனிக்காமல், ஒரு தடவை பல் டாக்டரிடம் இரண்டு நாள் முன்னாடியே போய் நின்றேன். அந்த மைனஸைக் கண்டுகொள்ளாதே என்று சொல்ல, விம்மின் என்ஆர்ஃபார்மட்ஸ் என்ற செட்டிங்கில் அன்சைன்ட் என்று சேர்க்கலாம். ஆனால் அப்போதும் 29தான் வரும். 2026 பிப்ரவரியில் 29 ஏது? டிம் போப் விம்முக்கு எழுதிய ஸ்பீட்டேட்டிங் ப்ளக்இன் போட்டால் ஒழுங்காக மார்ச் 1 வரும்.

நான் இதற்கு இமாக்ஸ் என்ற இன்னொரு எடிட்டருக்கு, அதில் குறிப்பும் வேலைப் பட்டியலும் எழுத உதவும் ஆர்க் மோடுக்குப் போய்விட்டேன். கன்ட்ரோல் சி, அப்புறம் ஒரு புள்ளி. காலண்டர் திறக்கிறது. அம்புக்குறியால் தேட வேண்டாம். இன்றிலிருந்து ஐந்தாம் நாள் என்றால் +5d, அடுத்துவரும் வெள்ளி என்றால் fri, என்டர். அவ்வளவுதான்.

தேதி உள்ளே வந்த பிறகுதான் எனக்குப் பிடித்த விஷயம். ஷிஃப்ட்டோடு வலது அம்பு: 28 போய் மார்ச் 1, பக்கத்தில் இருந்த சனியும் ஞாயிறாகிவிட்டது. கிழமையை நான் தொடவே இல்லை! ஷிஃப்ட்டோடு மேல் அம்பு அடித்தால் கர்சர் நிற்கும் பகுதி மட்டும் ஏறும்: வருடத்தில் நின்றால் வருடம், மணியில் நின்றால் மணி. நிமிடம் மட்டும் ஐந்து ஐந்தாகத் தாவும். கையால் தேதியை மாற்றிவிட்டு, கிழமையை அப்படியே விட்டுவிட்டீர்களா? அதன் மேல் கன்ட்ரோல் சி இரண்டு தடவை, திருத்திவிடும்.

ஆர்க் மோடை 2003இல் தொடங்கிய கார்ஸ்டன் டொமினிக் ஒரு வானியல் ஆய்வாளர். நாள் கணக்கில் இவ்வளவு கறார் ஏன் என்று இப்போது புரிகிறதா?

ஒன்று மட்டும். இமாக்ஸை டெர்மினலுக்குள், அதாவது கட்டளை அடிக்கும் திரைக்குள் திறந்தால், சில டெர்மினல்களில் ஷிஃப்ட்டும் அம்பும் சேர்ந்து இமாக்ஸுக்குப் போய்ச் சேராது. "வேலை செய்யவில்லை அண்ணா" என்று எழுதுவதற்கு முன்னால், இமாக்ஸைத் தனி விண்டோவில் திறந்து ஒருமுறை அடித்துப் பாருங்கள்.