வயிற்றுப்போக்கு மருந்தை முகத்தில் பூசச் சொல்வது ஏன்? ரொசேசியா குறித்த ஒரு சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். நேயர் ஒருவர் எழுதி அனுப்பியிருக்கும் சந்தேகத்தை இன்று எடுத்துக்கொள்கிறேன். அவருக்கு 40 வயதைத் தாண்டிவிட்டது. கன்னங்களும் மூக்கும் நெடுநாளாகச் சிவந்தே இருக்கின்றன. அவற்றின் மேல் பருவைப் போன்ற கொப்புளங்கள் அவ்வப்போது கிளம்புகின்றன. தோல் மருத்துவர் இதை ரொசேசியா என்று கண்டறிந்து, மெட்ரோனிடசோல் ஜெல்லை எழுதித் தந்திருக்கிறார். “இது அமீபா வயிற்றுப்போக்குக்கு விழுங்குகிற மாத்திரையில் உள்ள மருந்துதானே? முகத்தில் கிருமித்தொற்று இல்லை என்று மருத்துவரே சொல்கிறார் என்றால், எதைக் கொல்வதற்காக ஆன்டிபயாடிக்கைப் பூச வேண்டும்? மூன்று வாரம் பூசியும் சிவப்பு குறையவில்லை, கண்ணும் உறுத்துகிறது” என்று கேட்டிருக்கிறார்.

எதையும் கொல்வதற்காக அல்ல என்பதே முதல் பதில். கேள்வி எழுந்தது நியாயம்தான். மருந்தின் பெயர் அப்படி. மெட்ரோனிடசோல் 1960-ஆம் ஆண்டு வாக்கில் டிரைக்கோமோனாஸ் என்னும் ஒருசெல் உயிரியால் வரும் தொற்றுக்காகப் புழக்கத்துக்கு வந்து, பிறகு அமீபாவுக்கும் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளரும் பாக்டீரியாக்களுக்கும் எதிரான மருந்தாக நிலைபெற்றது. அத்தகைய உயிரியின் உள்ளே சென்ற பிறகு அங்குள்ள வேதிச்சூழலில்தான் இந்த மூலக்கூறு நச்சுத்தன்மை பெற்று, அவ்வுயிரியின் டிஎன்ஏ இழைகளை உடைக்கிறது. குடலில் நடப்பது இதுதான். ஆனால் ரொசேசியாவுக்கு அப்படிப்பட்ட ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று இதுவரை நிறுவப்படவில்லை. இருந்தும் 1988-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 0.75 சதவீத மெட்ரோனிடசோல் ஜெல்லை இந்நோய்க்கு அனுமதித்தது. பூசியவர்களுக்குக் கொப்புளங்கள் குறைந்தன என்பதே அதற்கு அடிப்படை. எப்படிக் குறைந்தன என்பதற்கான விளக்கம் அதற்குப் பிறகும் முழுமையாகக் கிடைத்துவிடவில்லை.

இன்று நாம் சொல்லக்கூடிய விளக்கம் இதுதான். ரொசேசியாவில் தோலின் இயல்பான தற்காப்பு ஏற்பாடு தேவைக்கு மேல் விழித்துக்கொள்கிறது. கெத்தலிசிடின் என்பது கிருமிகளை எதிர்க்க நம் தோலே சுரக்கும் ஒரு புரதம். ரொசேசியா உள்ளவர்களின் முகத்தோலில் அது மிகையாக இருப்பதையும், அதை வெட்டிச் செயல்படவைக்கும் நொதியும் மிகையாக இருப்பதையும், அப்படி வெட்டப்பட்ட துண்டுகள் அழற்சியைத் தூண்டுவதோடு புதிய இரத்தக் குழாய்கள் கிளைக்கவும் வழிசெய்வதையும் 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. அழற்சி மூண்ட இடத்துக்கு நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் திரண்டு வந்து, தீவிரமாக வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை வெளிவிடுகின்றன. அவை திசுக்களைத் தாக்குவதால் கொப்புளமும் எரிச்சலும் வளர்கின்றன. மெட்ரோனிடசோல் தலையிடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் என்று கருதப்படுகிறது: அந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் உண்டாவதை அது குறைக்கிறது. ஆகவே ஆன்டிபயாடிக் வகையைச் சேர்ந்ததாயினும், இங்கே அது அழற்சியைத் தணிக்கும் மருந்தாகவே வேலை செய்கிறது.

டெமோடெக்ஸ் என்று ஒன்று உண்டே, அதை இது கொல்லாதா என்று சிலர் கேட்கக்கூடும். மயிர்க்கால்களுக்குள் வாழும், கண்ணுக்குத் தெரியாத உண்ணி இனம் அது. பெரியவர்களில் பெரும்பாலோரின் முகத்தில் இருந்தாலும், ரொசேசியா உள்ளவர்களிடம் எண்ணிக்கை கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனால் மெட்ரோனிடசோலின் அடர்த்தியான கரைசலிலும் அது உயிரோடு இருப்பது ஆய்வகத்தில் காணப்பட்டிருப்பதால், இந்த ஜெல்லின் பலனுக்கு உண்ணி ஒழிப்பைக் காரணமாகச் சொல்ல முடியாது. உண்ணியையும் தாக்கி, அழற்சியையும் தணிக்கும் மருந்து வேண்டுமென்றால் அது 1 சதவீத ஐவர்மெக்டின் க்ரீம். இரண்டையும் 16 வாரங்கள் ஒப்பிட்ட ஓர் ஆய்வில் ஐவர்மெக்டின் பூசியவர்களுக்குக் கொப்புளங்கள் ஏறக்குறைய 83 சதவீதமும், மெட்ரோனிடசோல் பூசியவர்களுக்கு 74 சதவீதமும் குறைந்தன. வேறுபாடு உண்டு, ஆனால் கையில் உள்ள ஜெல்லைத் தூக்கி எறியும் அளவுக்கு இல்லை என்பது என் கருத்து.

இப்போது அந்த மூன்று வாரக் கணக்குக்கு வருவோம். இந்த ஜெல்லில் முன்னேற்றம் கண்ணில் படத் தொடங்குவதே ஏறக்குறைய மூன்றாம் வாரத்தில்தான்; ஒன்பதாம் வாரம் வரையிலும் அது கூடிக்கொண்டே போகலாம். அந்த முன்னேற்றத்தைக்கூட நீங்கள் கொப்புளங்களில்தான் தேட வேண்டும். நிலைத்துவிட்ட சிவப்பும், கன்னத்தில் இழை இழையாகத் தெரியும் நாளங்களும் விரிந்துபோன இரத்தக் குழாய்களால் வருபவை; அழற்சி அடங்கினாலும் அவை தாமாகச் சுருங்கிவிடுவதில்லை. அந்தச் சிவப்பைச் சில மணி நேரத்துக்கு மட்டும் குறைக்கக் குழாய்களைச் சுருக்கும் பிரிமோனிடின் ஜெல் இருக்கிறது. நாளங்களுக்கு லேசர் சிகிச்சை இருக்கிறது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ஜெல்லை மட்டும் எழுதிக் கொடுப்பதால்தான் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

பூசும் முறை எளிது. 0.75 சதவீத ஜெல் என்றால் நாளுக்கு இரு முறை, 1 சதவீதம் என்றால் ஒரு முறை. மென்மையான கழுவியால் முகம் கழுவி, ஈரம் உலர்ந்த பின், கொப்புளத்தின் மேல் மட்டும் புள்ளி வைக்காமல், பாதிக்கப்பட்ட பகுதி முழுவதும் மெல்லியதாகத் தடவுங்கள். அதன் மேல் சன்ஸ்கிரீன் அவசியம். வெயில்தான் இந்நோயைக் கிளறிவிடும் காரணங்களில் முதலில் வருவது. மாத்திரைக்கு இருக்கும் பக்கவிளைவுகளை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை: ஒரு கிராம் ஜெல் பூசியபின் இரத்தத்தில் காணப்பட்ட அதிகபட்ச அளவு, 250 மில்லிகிராம் மாத்திரை ஒன்றால் சேரும் அளவில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். கொப்புளங்கள் அடங்கிய பிறகும் மருத்துவர் தொடரச் சொன்னால், அது நோய் திரும்பாமல் காப்பதற்காக.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் சிவப்பு எடுப்பாகத் தெரியாததால், நம்மிடையே ரொசேசியா பெரும்பாலும் பரு என்றோ ஒவ்வாமை என்றோ கருதப்பட்டுவிடுகிறது. உடனே மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம்கள் முதல் சில நாட்கள் முகத்தைத் தெளிவாக்கிக் காட்டும். நிறுத்தியதும் சிவப்பும் கொப்புளமும் முன்னிலும் கடுமையாகத் திரும்பும். சிவப்பழகு க்ரீம் என்று ஸ்டீராய்டை மாதக்கணக்கில் பூசியவர்களுக்கு, முன்பு இல்லாத ரொசேசியா போன்ற நிலையே புதிதாக வந்துவிடுவதுண்டு. கேள்வி கேட்ட நேயர் முன்பு அப்படி எதையேனும் பூசியிருந்தால், அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிகிச்சையின் போக்கே அதனால் மாறும்.

கடைசியாகக் கண் உறுத்தல். ஜெல்லை இமைக்கு மிக அருகில் தடவினாலே கண்ணீர் வரும் என்பதால், முதலில் அந்த இடத்தை விட்டுத் தடவிப் பாருங்கள். உறுத்தல் அப்படியும் நீடித்தாலோ, இமை விளிம்புகள் தடித்துச் சிவந்திருந்தாலோ, அது கண்ணைத் தொட்ட ரொசேசியாவாக இருக்கலாம். அதற்கு இந்த ஜெல் பயன்படாது. இமைகளுக்கு வெந்நீர் ஒத்தடமும் சுத்தமும், தேவைப்பட்டால் டாக்சிசைக்ளின் மாத்திரையும் தருவார்கள். பார்வை மங்கினாலோ வெளிச்சம் கூசினாலோ, தோல் மருத்துவரின் அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் கண் மருத்துவரிடம் அன்றைக்கே செல்லுங்கள்.