கொம்பில்லாக் கன்றும் வெளியாள் சோதனையும்

நேயர்களுக்கு வணக்கம். கன்றுக்குக் கொம்பு சுடுவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். குருத்து பொத்தானளவு தலைகாட்டும்போதே, மரத்துப்போக ஊசி போட்டு, பழுக்கக் காய்ந்த இரும்பை வைத்துத் தீய்ப்போம். அந்த ஊசிகூட இல்லாமல் சுடுபவர்கள் உண்டு. கால்நடை மருத்துவனாக எனக்கு என்றுமே பிடிக்காத வேலை அது.

அதனால்தான் அமெரிக்காவில் ரீகாம்பினெடிக்ஸ் நிறுவனம் செய்தது எனக்குப் பெரிய செய்தி. நம் ஊர் மோழை மாடு மாதிரி, ஆங்கஸ் என்ற இறைச்சி மாட்டினத்துக்கு இயல்பிலேயே கொம்பு கிடையாது. கொம்பைத் தடுக்கும் அந்த மரபணு வடிவத்தை, மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் முறையில், ஹோல்ஸ்டைன் கறவை இனத்துக்குள் கொண்டுவந்தார்கள். 2015இல் இரண்டு காளைக் கன்றுகள் பிறந்தன. ஒன்றின் பெயர் புரி.

மாட்டின் மரபணு மாட்டுக்குத்தானே போகிறது, இதற்கு ஏன் மருந்துக்குரிய அனுமதி என்று நிறுவனத்தார் வாதிட்டார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமோ விலங்கின் மரபணுவில் வேண்டுமென்றே செய்யும் மாற்றத்தைக் கால்நடை மருந்துச் சட்டத்தின் கீழ்தான் வைத்திருந்தது.

சரி, 2019இல் என்ன ஆயிற்று? அந்த நிர்வாகத்தின் விஞ்ஞானிகள் புரியின் மரபணுத் தரவை மறுபடி அலசினார்கள். புது மரபணு வடிவத்தை உள்ளே சுமந்துபோன பாக்டீரியா பிளாஸ்மிட், அதாவது சிறு டிஎன்ஏ வளையம், நுண்ணுயிர்க்கொல்லிகளை எதிர்க்கும் மரபணுக்களோடு உள்ளேயே தங்கியிருந்தது. புரியின் கன்றுகள் சிலவற்றுக்கும் அது இறங்கியிருந்தது. கன்றுகள் நலமாகத்தான் இருந்தன, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பிரேசிலில் இந்த இனத்தைப் பெருக்கும் திட்டம் நின்றுபோனது.

மறுபடியும் சொல்கிறேன். செய்தவர்களும் சோதித்திருந்தார்கள். வேறெங்காவது தவறிப்போய் வெட்டு விழுந்ததா என்று பார்த்தவர்கள், திருத்திய இடத்தில் பிளாஸ்மிட் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவில்லை. வெளியாள் பார்த்ததால்தான் தெரிந்தது.

நேரம் நெருங்கிவிட்டது. நம் நாட்டு நிலவரம் மட்டும். 1989 விதிகளின்படி மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுதான் இங்கே பொறுப்பு. 2022இல், வெளி மரபணு சேராத சில வகைத் திருத்தப் பயிர்களுக்கு விதிவிலக்கு தந்தார்கள். அது தாவரங்களுக்கு மட்டும். மாடுகளுக்கும் வேண்டும் என்று யாரேனும் கேட்டால், வெளியாள் சோதனை இல்லாமல் தரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நன்றி, வணக்கம்.