தாத்தாவின் கவ்வாத்துக் கத்தி

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. 1971இல் இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகக் கோத்தகிரிக்கு வந்தபோது என் தாத்தா தலையில் சுமந்து வந்த பெட்டி. உள்ளே பாஸ்போர்ட், குடும்ப அட்டை, நாலைந்து பிறப்புச் சான்றிதழ்கள், அப்புறம் பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு வளைந்த கத்தி.

நீலகிரியில் எங்களைப் போன்ற குடும்பங்கள் நிறைய. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், அங்கே இருந்த இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்றும் முடிவானது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் தமிழக அரசு இங்கே தேயிலை போட ஆரம்பித்தது. இன்றைக்கு நாம் டேன்டீ என்று சொல்லும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் அதுதான். இது பலருக்கும் தெரியும். ஆனால் அங்கே நம் ஆட்கள் என்ன வேலை செய்தார்கள் என்று கேட்டால், "தோட்ட வேலை" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

பெட்டியில் உள்ள காகிதங்களும் அப்படித்தான் சொல்கின்றன. தொழில் என்ற இடத்தில் அப்பாவுக்கும் தொழிலாளி, தாத்தாவுக்கும் தொழிலாளி. எனக்கு இது பெரிய குறையாகப் பட்டது. ஒரு மனிதன் நாற்பது வருடம் செய்த வேலைக்கு ஒரே ஒரு சொல்தானா?

காகிதங்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் உங்கள் வீட்டில் இருந்தால் நிதானமாகப் படித்துப் பாருங்கள். பிள்ளையின் பாட்டனார் இலங்கையில் பிறந்தவரா, எந்த ஊர், எந்த வருடம் என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டத்தில், அங்கே பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை வேண்டுமானால் தகப்பனாவது, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனுமாவது இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். லட்சக்கணக்கான நம் மக்களை நாடற்றவர்களாக்கிய அதே கேள்விதான் இன்றைக்கு நமக்கு மூன்று தலைமுறையின் பெயரைத் தருகிறது. அந்தக் கட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இந்தியப் பக்கம் வேறு கேள்வி. நம் அரசியல் சட்டத்தின் 8ஆவது பிரிவுப்படி, பெற்றோரோ, பாட்டன் பாட்டியோ இந்திய மண்ணில் பிறந்திருந்தால் வெளிநாட்டில் இருந்தபடியே குடிமகனாகப் பதிய வழி இருந்தது. அதனால் பூர்வீக ஊர் எது என்று எழுத வேண்டியிருந்தது. எங்கள் ஊர் துறையூர்ப் பக்கம் என்று எனக்குத் தெரிந்ததே அந்தக் குடும்ப அட்டையைப் பார்த்துத்தான்.

தோட்டத்தின் பெயரில் ஒரு சிக்கல் வரும். காகிதத்தில் ஆங்கிலப் பெயர் இருக்கும். பாட்டி சொல்லும் பெயர் வேறாக இருக்கும். இரண்டும் சரிதான். ஜனங்கள் ஒவ்வொரு தோட்டத்துக்கும் தமிழில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் இலங்கையில் வெளிவந்த ஃபெர்குசன் டைரக்டரி என்ற விவரப் புத்தகத்தில் இந்தத் தமிழ்ப் பெயர்களையும் அச்சிட்டிருக்கிறார்கள். ஆகவே பெரியவர்கள் சொல்லும் பெயரைத் திருத்தாமல் அப்படியே எழுதி வையுங்கள்.

சரி, வேலைக்கு வருகிறேன். "என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டால் பதில் வராது. "காலையில பிரட்டுக்களத்துல உங்களை எந்த வேலைக்குப் பிரிச்சு விடுவாங்க?" என்று கேளுங்கள். பிரட்டுக்களம் என்றால் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். அப்படிக் கேட்டால் பேசுவார்கள். என் பாட்டியிடம் அப்படிக் கேட்ட பிறகுதான், கொழுந்து எடுத்தது போக நாலு வருடம் பிள்ளைக் காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில், ஆயாவாக இருந்ததும், மழை நாளில் அரைப்பேர் போட்டதற்காகக் கணக்கப்பிள்ளையிடம் சண்டைக்குப் போனதும் வெளியே வந்தது. முழு நாள் கூலிக்கு அங்கே ஒரு பேர் என்பார்கள். எத்தனை பேர் விழுந்தது என்பதுதான் மாதக் கணக்கு.

கத்தியைப் பற்றிச் சொல்ல வீட்டில் மிச்சம் இருந்தவர் சின்னத்தாத்தா மட்டும்தான். வயது எண்பத்தாறு. "இது கவ்வாத்துக் கத்தி. உங்க தாத்தன் கவ்வாத்துக்காரன்" என்றார். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் குறைத்து வெட்டுவதுதான் கவ்வாத்து. பார்க்க முரட்டு வேலை மாதிரி இருக்கும். ஆனால் வெட்டு சாய்வாக, ஒரே வீச்சில் விழ வேண்டும். பட்டை கிழிந்தாலோ கிளை பிளந்தாலோ தண்ணீர் இறங்கிக் கட்டை அழுகிவிடும். அந்தச் செடி பிறகு தேறுவது கடினம். அதனால் எல்லார் கையிலும் அந்தக் கத்தியைக் கொடுக்க மாட்டார்களாம்.

வீட்டுக்குப் பின்னால் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை உண்டு. சின்னத்தாத்தாவை அங்கே கூட்டிப் போனேன். கத்தியைச் சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்து, நகத்தில் வைத்துக் கூர் பார்த்தார். இடது கையால் கிளையை லேசாக வளைத்துப் பிடித்துக்கொண்டு கீழிருந்து மேலாக ஒரு வெட்டு. கிளை சத்தமே இல்லாமல் கையோடு வந்தது. வெட்டிய இடம் வழவழவென்று ஈரமாக இருந்தது.

"எங்க தாத்தா எனக்கு இப்படித்தான் காட்டிக் கொடுத்தாரு. வெட்டும்போது மூச்சை விடாதேம்பாரு" என்றார்.

துறையூர்ப் பக்கத்திலிருந்து முதலில் கடல் தாண்டிப் போனவர் அந்தத் தாத்தாதான். அவருக்குப் படமில்லை, கையெழுத்துமில்லை. சின்னத்தாத்தா கத்தியை என்னிடம் நீட்டி, அடுத்த கிளையைக் காட்டினார்.