பிளவை மறைக்காத மேசை

நேயர்களுக்கு வணக்கம். மரவேலையைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். விவரம் தெரிந்த நாளிலிருந்து உளி பிடித்தவன் நான். தொழிலும் அதுதான், பொழுதுபோக்கும் அதுதான். ஊஞ்சல் பலகை, சாய்வு நாற்காலி, தொட்டில், பூஜை மாடம் என்று கேட்டு வருகிறவர்களின் வீட்டுக்கும் உடம்புக்கும் ஏற்ப ஒவ்வொன்றாகச் செய்து கொடுக்கிறேன். இன்றைக்கு ஒரு மேசையைப் பற்றியும், அந்த மேசையைச் செய்ய எனக்குத் தைரியம் கொடுத்த ஒரு மனிதரைப் பற்றியும் பேசுகிறேன்.

அவர் பெயர் ஜார்ஜ் நாகஷிமா. 1905-இல் அமெரிக்காவில், ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர், கட்டடக்கலை படித்தவர். நம் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைக் கட்டும் வேலைக்காக 1937-இல் இங்கே வந்தார். வடிவமைத்தவர் அந்தோனின் ரேமண்ட். கட்டும் பொறுப்பை இங்கேயே தங்கிப் பார்த்தவர் நாகஷிமா. அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயர் வைத்தார். அந்த அறைகளுக்கான தேக்கு மரச்சாமான்களையும் அவர்தான் வடிவமைத்தார். அறைக் கதவுகளைப் பாருங்கள். தேக்குச் சட்டங்களை ஒன்றுக்கொன்று விலக்கி அடுக்கியிருப்பார்கள். காற்று தாராளமாக உள்ளே போகும். வெளியே நிற்பவரின் பார்வை போகாது. மின்விசிறியை நம்பாமல் கடற்கரை ஊரின் புழுக்கத்துக்குக் கண்ட வழி அது. இன்றைக்கு வீடு கட்டுகிறவர்கள் ஒருமுறை அதைப் படத்திலாவது பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அப்புறம் அவர் ஊர் திரும்பினார். ஜப்பானோடு போர் வந்தது. 1942-இல் மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. பிறந்து சில வாரங்களே ஆன மகளோடு நாகஷிமா குடும்பம் ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமுக்குப் போனது. அங்கே கென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரிடம், கிடைத்த கட்டைகளை வைத்துக்கொண்டு மரத்தோடு மரத்தைப் பொருத்தும் ஜப்பானிய மரபு மூட்டுவேலையை முறையாகக் கற்றுக்கொண்டார். வெளியே வந்து பென்சில்வேனியாவில் பட்டறை போட்ட பிறகுதான் உலகம் அவரைக் கவனித்தது.

மற்றவர்கள் கழிவு என்று ஒதுக்கும் பலகையை, பிளவும் கணுவும் உள்ளதை, அவர் தேடி எடுத்தார். பிளவை அடைத்துப் பூசவில்லை. அது மேலும் ஓடாதபடி குறுக்கே ஒரு கடினமான துண்டை இறக்கினார். இரு முனையும் அகன்று இடை ஒடுங்கிய, உடுக்கை மாதிரியான துண்டு. வாங்க வருகிறவர் பட்டறைக்கே வந்து தன் பலகையைத் தேர்ந்தெடுப்பார். அவர் பெயரை மரத்தின் அடிப்பக்கம் எழுதிவைப்பார்கள்.

சரி, என் மேசைக்கு வருகிறேன். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தது நினைவிருக்கும். பண்ருட்டிப் பக்கம் பலாத்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. மிருதங்கத்துக்கும் வீணைக்கும் உகந்த மரம், விறகு விலைக்குப் போனது. ஒரு குடும்பம் மட்டும் கொல்லையில் விழுந்த பலாவை அறுத்து, அந்தப் பலகையில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட ஒரு மேசை வேண்டும் என்று கேட்டது.

பச்சை மரத்தில் உடனே கை வைக்க முடியாது. பலகைகளுக்கு நடுவே ரீப்பர் என்கிற மெல்லிய மரச்சட்டம் கொடுத்து, காற்று புகும்படி நிழலில் அடுக்கினோம். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. அந்தப் பொறுமை இல்லாவிட்டால் மேசை வீட்டுக்குப் போனபின் முறுக்கிக்கொள்ளும். மரம் காய்ந்தாலும் அடங்கிவிடுவதில்லை. ஐப்பசி ஈரத்தில் உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். நீளவாக்கில் அசைவு அநேகமாக இல்லை, எல்லாம் அகலவாக்கில்தான். அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே போகும் திசையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பலகை வளைவதும் நுனி வெடிப்பதும் இதனால்தான். எனவே மேற்பலகையைச் சட்டத்தோடு இறுக்கிப் பிணைக்க மாட்டேன். திருகாணி இறங்கும் துளையைப் பலகையின் அகலவாக்கில் நீண்டதாக வெட்டினால் பலகை தன் இஷ்டத்துக்கு நகரும்.

அந்தப் பலகை காயும்போது ஒரு முனையில் பிளவு விட்டது. வேறு பலகை போடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். நூக்கு மரத்தில், அதாவது ஈட்டி மரத்தில், மூன்று உடுக்கை வெட்டினேன். அவற்றின் நார் ஓட்டம் பிளவுக்குக் குறுக்கே இருக்க வேண்டும். பிளவை ஒட்டி ஓடினால் இடையிலேயே முறிந்துவிடும். துண்டைப் பலகைமேல் வைத்துக் கத்திமுனையால் கோடு கீறி, அந்தக் கோட்டுக்குள் நின்று உளியால் குழி தோண்டினேன். துண்டின் அடிப்பக்கத்தை மயிரிழை ஒடுக்கி, பசை தடவி, கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் மெல்லத் தட்டினால் சத்தம் மாறும். ‘டக் டக்’ என்று கேட்டுக்கொண்டிருந்தது கனத்து ‘தும்’ என்று ஒலித்தால் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு இழைப்புளி போட்டுச் சமப்படுத்தினேன். மஞ்சள் பலாவில் கறுத்த நூக்கு. பலா வருஷம் போகப்போகப் பழுப்பேறும். அப்போது இரண்டும் இன்னும் நெருங்கிவிடும்.

ஒன்றில் மட்டும் நான் நாகஷிமாவைப் பின்பற்றவில்லை. பலகையின் ஓரத்தை மரம் வளர்ந்த வளைவோடு அப்படியே விடுவது அவர் வழக்கம். பலாவின் வெளிப்புற வெள்ளையை நம் ஊர் வண்டு விடாது. வைரம் பாய்ந்த பகுதி மட்டும் நிற்கும்படி வெள்ளையைச் செதுக்கி எடுத்தேன். அழகு கொஞ்சம் குறைந்திருக்கலாம். பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் மேசை இருக்கும்.

அந்த வீட்டுப் பாட்டிக்கு மூட்டுவலி. அவரை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை அளந்து, அவர் நாற்காலியை மட்டும் வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் உயர்த்தினேன். கைப்பிடியை முன்னால் நீட்டிவிட்டேன், ஊன்றி எழ வசதியாக. கடையில் நிற்கும் நாற்காலிக்கு அவரைத் தெரியாதே.

மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய் போதும், துணியால் தேய்த்துத் தேய்த்து. வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது சூடேறித் தானே தீப்பிடிக்கலாம். விரித்துக் காயவிடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் மாவோ பலாவோ வேம்போ புயலில் விழுந்தால், அன்றைக்கே துண்டு துண்டாக்க விடாதீர்கள். அடிமரத்தில் ஏழடியாவது முழுசாக ஒதுக்கச் சொல்லுங்கள். இரண்டு வெட்டு முகங்களிலும் அந்த வாரத்துக்குள் பழைய பெயின்ட்டையோ உருக்கிய மெழுகையோ கனமாகப் பூசுங்கள், நுனி வெடிக்காமல் இருக்க. தரையில் படாமல் இரண்டு கல்மேல் தூக்கி வைத்து, சீக்கிரமே ஒரு தச்சரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எப்படி அறுப்பது என்பதை அவர் பார்த்துச் சொல்வார். வணக்கம்.