ஏற்ற வேடங்களா, மறுத்த வேடங்களா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘ஹாலிவுட் நடிகர் சிட்னி பாய்ட்டியரை உயர்த்தியது அவர் ஏற்ற வேடங்களா, மறுத்த வேடங்களா?’ மறுத்த வேடங்களே என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் 1964-இல் அவர் கையில் ஏறிய ஆஸ்கரைக் காட்டினார். சிறந்த நடிகருக்கான அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்; அந்தப் பெருமையில் எங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால், “நடிக்காத படத்தை யார் ஐயா பார்த்தார்கள்?” என்று கேட்டாரே, அதற்குப் பதில் சொல்லாமல் நான் உட்கார மாட்டேன்.

இந்த மனிதர் யார்? பஹாமாஸின் கேட் தீவில் தக்காளி பயிரிட்ட ரெஜினால்டின் மகன். பெற்றோர் தக்காளி விற்கப் போன மயாமியில், 1927-இல், குறைமாதப் பிள்ளையாகப் பிறந்தவர். பதினாறு வயதில் நியூயார்க் வந்து, உணவகங்களில் பாத்திரம் கழுவினார். ஹார்லெமில் ஒரு நாடகக் குழுவில் வாய்ப்புக் கேட்டார். எழுத்துக்கூட்டித்தான் படிக்க வந்தது, பேச்சிலோ தீவு வாடை. பாத்திரம் கழுவும் வேலையைப் பார் என்று விரட்டிவிட்டார்கள். ரேடியோ ஒன்று வாங்கி, அதில் பேசுகிறவர்கள் சொல்லச் சொல்லத் தானும் சொல்லிப் பழகி, அதே குழுவின் வாசலில் மறுபடி போய் நின்றார். வேலை பார்த்த இடத்தில் வயதான யூதப் பணியாளர் ஒருவர், கடை ஓய்ந்த பிறகு செய்தித்தாளை விரித்து, அவருக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்.

இப்படிப் பசியோடு வந்தவர் கிடைத்த வேடத்தை விடுவாரா? விட்டார், நடுவர் அவர்களே!

1950-களின் நடுப்பகுதி. ‘பீனிக்ஸ் சிட்டி ஸ்டோரி’ படத்தில் ஒரு துப்புரவுத் தொழிலாளி வேடம். வாரம் 750 டாலர். கதையில் ரவுடிகள் அவன் மகளைக் கொன்று வீட்டு வாசலில் வீசிவிட்டுப் போகிறார்கள். தகப்பன் எதுவும் செய்யாமல் இருக்கிறான். பாய்ட்டியர் மாட்டேன் என்றார். தன் அப்பா ரெஜினால்ட் அப்படி இருந்திருக்கவே மாட்டார் என்பதுதான் அவர் மனதில் இருந்த காரணம். அப்போது வீட்டில் இரண்டாவது குழந்தை பிறக்கும் நேரம். ஆஸ்பத்திரிக்குக் கட்டக் காசில்லை. மேசை நாற்காலிகளை ஈடு காட்டி 75 டாலர் கடன் வாங்கினார். கையில் 750 வரவிருக்க, 75-க்குக் கடன்!

நடிக்காத படத்தை யார் பார்த்தார்கள் என்றீர்களே, மார்ட்டின் பாம் பார்த்தார். அந்த வேடத்தைக் கொண்டுவந்த ஏஜென்ட் அவர். இவ்வளவு பிடிவாதக்காரருக்கு நான்தான் ஏஜென்டாக இருப்பேன் என்று அவரே தேடி வந்தார். அவர் கைபிடித்துத்தான் பிறகு வந்த பெரிய வேடங்கள் எல்லாம் வந்தன.

அதே காலத்தில், ‘பிளாக்போர்டு ஜங்கிள்’ படத்துக்காக, கம்யூனிஸ்ட் ஆதரவாளர் என்று முத்திரை குத்தப்பட்ட கறுப்பினப் பாடகர் பால் ராப்சன் போன்றவர்களைத் தள்ளிவைப்பதாக உறுதி கூறும் விசுவாசப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். போடவில்லை. ஆனாலும் இயக்குநர் ரிச்சர்ட் புரூக்ஸ் அவரை வைத்தே படம் எடுத்தார்.

கறுப்பினத்தவரை இழிவாகக் காட்டுவதாகப் பலர் குறைகூறிய ‘போர்கி அண்ட் பெஸ்’ படத்தில் நடித்தாரே என்று எதிரணி மடக்கியது. நடித்தார், மனமில்லாமல். 1950-களின் ஹாலிவுட் அவரையும் நெருக்கியது. அதை நான் மறைக்க மாட்டேன். அந்த நெருக்கடியிலும் இத்தனை முறை மறுத்தார் என்பதால்தான் எனக்கு அவர் பெரியவர்.

1967-க்கு வாருங்கள். ‘இன் தி ஹீட் ஆஃப் தி நைட்’. கதை நடப்பது அமெரிக்காவின் தென் மாநிலமான மிசிசிப்பியில். மிசிசிப்பிக்குப் படப்பிடிப்புக்கு வர மாட்டேன் என்றார். 1964-இல் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டக்காரர்களுக்குப் பணம் கொண்டுபோன அவரையும் பாடகர் ஹாரி பெலஃபான்டேயையும் அங்கே இரவில் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல் காரில் துரத்தியிருந்தது. அதனால் பெரும்பகுதியை வடக்கே இல்லினாயில், ஸ்பார்ட்டா என்ற ஊரில் எடுத்தார்கள். படத்தில் ஒரு வெள்ளைப் பண்ணையார் அவரைக் கன்னத்தில் அறைகிறார். அடுத்த கணமே இவர் திருப்பி அறைகிறார். இந்த அறையை எந்த ஊருக்குப் போகும் பிரதியிலும் வெட்டக் கூடாது என்று தயாரிப்பாளரிடம் உறுதி கேட்டதை அவரே சொல்லியிருக்கிறார்.

எதிரணித் தலைவர் அவர்களே, அந்த அறையை நீங்கள் ‘ஏற்ற வேடம்’ என்ற கணக்கில் எழுதினீர்கள். மகளைப் பறிகொடுத்தும் சும்மா இருந்த தகப்பனாக நடிக்க மறுத்தவர் ஓங்கிய கை அது. அதை எங்கள் கணக்கில் எழுதுமாறு நடுவரைக் கேட்டு அமர்கிறேன்.