அட்டவணையையும் ஒரு நூலாகப் படியுங்கள்

நண்பர்களே, பழைய மாவட்ட வரலாறோ தலபுராணமோ கையில் கிடைத்தால் நாம் முதலில் நம் ஊர்ப் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் புரட்டுவோம். தப்பில்லை. ஆனால் இது எத்தனையாவது பதிப்பு, எந்த வருஷம் அச்சானது, நம் கையிலிருப்பது முழுப் பிரதிதானா என்பதையெல்லாம் பல நேரம் அந்த நூலே சொல்லாது. எந்த நூலை யார் எழுதினார், எங்கே, எப்போது அச்சானது என்று பட்டியல் போட்டுத் தரும் நூல் விவர அட்டவணையைத்தான் கேட்க வேண்டும்.

1867-இல் அச்சகம், நூல் பதிவுச் சட்டம் வந்தது. அதன்படி அச்சான நூலை அரசிடம் கொடுத்தாக வேண்டியிருந்தது, 3 மாதத்துக்கு ஒருமுறை அந்த நூல்களின் பட்டியல் அரசிதழில் வந்தது. அதில் தலைப்பும் ஆசிரியரும் மட்டுமில்லை, அச்சகத்தார் பெயர், பக்க எண்ணிக்கை, பதிப்பு, விலை, எத்தனை பிரதி அடித்தார்கள் என்பது வரைக்கும் போட்டிருப்பார்கள். ஒரு ஊரின் புராணம் எவ்வளவு பேர் கைக்குப் போயிருக்கும் என்று ஊகிக்க இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை, ஆனாலும் அந்தப் பிரதி எண்ணிக்கைக் கட்டத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை!

ஒரு உதாரணம் பாருங்கள். முகப்பில் 'பிரபவ௵ மாசி௴' (பிரபவ வருஷம், மாசி மாதம்) என்று மட்டும் இருக்கிறது, ஆங்கில வருஷம் கிடையாது. பிரபவ 60 வருஷத்துக்கு ஒருமுறை வரும், ஆக அது 1868-ஆகவும் இருக்கலாம், 1928-ஆகவும் இருக்கலாம். காகிதத்தைத் தடவிப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அச்சகத்தின் பெயரையும் பக்க எண்ணிக்கையையும் எடுத்துக்கொண்டு அந்தந்தக் காலாண்டுப் பட்டியலுக்குப் போங்கள். இரண்டும் ஒத்துவந்தால் சரி. பக்கம் மட்டும் குறைந்தால் உங்கள் பிரதியில் ஏதோ காணாமல் போயிருக்கலாம், அல்லது அது வேறு பதிப்பு.

லெஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடும் (1883) இப்படித்தான். 2 தொகுதிகள். முதலாவது மாவட்டம் பற்றிப் பொதுவாகச் சொல்வது, தாலுகா விவரமெல்லாம் இரண்டாவதில். முதல் தொகுதியை மட்டும் வைத்துக்கொண்டு 'எங்கள் தாலுகாவைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை' என்று சண்டைக்குப் போவதற்குமுன் அட்டவணையை ஒருதரம் பார்த்துவிடலாம்.

அப்புறம், அட்டவணை போட்டவர் யார் என்பதும் முக்கியம். 1865-இல் தமிழ் அச்சு நூல்களைப் பொருள்வாரியாகப் பட்டியலிட்ட ஜான் மர்டாக் கிறித்தவ இலக்கியப் பணியில் இருந்தவர். எதை எந்தத் தலைப்பின் கீழ் வைத்தார், எதைப் பற்றி என்ன சொன்னார் என்பதில் அவருடைய நோக்கமும் கலந்திருக்கும். எல். டி. பார்னெட்டும் ஜி. யு. போப்பும் 1909-இல் தந்தது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த தமிழ் நூல்களுக்கு மட்டுமான அட்டவணை, அங்கே போய்ச் சேராத நூல் அதில் எப்படி வரும்? 1867 சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவுக்கானது, ஆகவே சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டையிலோ கடல் தாண்டி யாழ்ப்பாணத்திலோ அச்சானதைச் சென்னை மாகாணத்தின் காலாண்டுப் பட்டியலில் காணோம் என்றால் அப்படியொரு நூலே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு வேலை. பழைய அட்டவணைகளில் சாமிநாதன் ஒன்றில் 'ச'வில் இருப்பார், இன்னொன்றில் 'ஸ்வா'வில் இருப்பார். தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்துக்கோ வேறு எந்த நூலகத்துக்கோ போகுமுன் எல்லா எழுத்துக்கூட்டலையும், அச்சகத்தின் பெயரையும், பக்க அளவையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள், அதைப் பார்த்தால் தேடித் தருகிறவருக்கும் வேலை பாதியாகக் குறையும்.