எது எங்கே கிடந்தது? மேரி ஆனிங்கின் எலும்பு வேட்டை

[காட்சி: சாம்பல் நிறச் செங்குத்துப் பாறை, அடியில் அலை]

இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கிறது லைம் ரீஜிஸ். இந்தப் பாறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு வரி வெளிர் சுண்ணாம்புக்கல், அடுத்த வரி கறுத்த களிப்பாறை, மறுபடியும் சுண்ணாம்புக்கல். ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இது கடலடிச் சேறு.

குளிர்கால மழை உள்ளே இறங்கினால் களி வழுக்கும். மேலே உள்ள பாறை சரியும். சரிந்த மண்ணைப் புயல் அலை கழுவிக்கொண்டு போகும்போதுதான், உள்ளே புதைந்து கல்லாகிப்போன பழங்கால விலங்குகளின் எலும்பு வெளியே தெரியும். உடனே எடுக்காவிட்டால் அதே அலை அதை உடைத்துவிடும். அதனால்தான் 1799-இல் இந்த ஊரில் பிறந்த மேரி ஆனிங்குக்குக் குளிர்காலமே வேலைக்காலம். கடல் உள்வாங்கும்போது இறங்கி, தண்ணீர் திரும்புவதற்குள் ஏறிவிட வேண்டும். 1833-இல் சரிந்த பாறை அவருடைய நாய் ட்ரேயைக் கொன்றது. அவர் மயிரிழையில் தப்பினார்.

[காட்சி: மேசை மேல் ஒரு சுருள் கல்]

தச்சரான அப்பா 1810-இல் கடனை வைத்துவிட்டு இறந்தார். கடற்கரையில் பொறுக்கிய கற்களை ஊருக்கு வருபவர்களிடம் விற்றுத்தான் குடும்பம் பிழைத்தது. நம் வீட்டுப் பூஜையில் வைக்கும் சாளக்கிராமத்தில் சுருள் தெரியுமே, அதே அம்மோனைட்தான் (பழங்காலக் கடலில் வாழ்ந்த சுருள் ஓட்டு உயிரி) இங்கே 'பாம்புக்கல்'லாக விலைபோனது. சுண்ணாம்பு உருண்டைக்குள் அகப்பட்டது முழு உருவத்தோடு இருக்கும். அந்த உருண்டை சீக்கிரமே இறுகிவிட்டதால் மேல்சுமை அதை நசுக்கவில்லை. களிப்பாறையில் கிடந்ததோ அப்பளமாக நசுங்கியிருக்கும்.

1811-இல் அண்ணன் ஜோசப் 4 அடி நீள மண்டையோடு ஒன்றைக் கண்டார். மீதி உடலை மறு ஆண்டு மேரி கண்டுபிடித்தார். முதலை என்றுதான் பலரும் நினைத்தார்கள். அது கடல் ஊர்வனவான இக்தியோசர். 23 பவுண்டுக்கு விலைபோனது.

இப்படி ஓர் எலும்புக்கூட்டை எடுப்பதில் தலையாய விதி ஒன்று: எலும்புகளைத் தனித்தனியாகப் பிடுங்காதீர்கள். கிடக்கும் கிடப்பை முதலில் வரைந்துகொள்ள வேண்டும். பிறகு சுற்றியுள்ள கல்லோடு பலகையாக வெட்டி, துண்டுகளுக்கு எண் போட்டு எடுக்க வேண்டும். களிப்பாறை வேகமாகக் காய்ந்தால் ஏடு ஏடாகப் பிரிந்து எலும்பையும் கிழித்துவிடும். பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) கலந்திருந்தால் இன்னும் சிக்கல்: ஈரக்காற்று பட்டுப் பட்டு உள்ளே கந்தக அமிலம் உருவாகும், வெள்ளைப் பொடி பூக்கும், கடைசியில் கல்லே உதிர்ந்துபோகும். இன்றைய ஆய்வகங்களில் சுண்ணாம்புக்கல்லை நீர்த்த அசெட்டிக் அமிலத்தில் கரைப்பார்கள். எலும்பு கால்சியம் பாஸ்பேட் என்பதால் அவ்வளவாகக் கரையாது. வெளிப்பட்ட எலும்புக்குப் பிசின் பூசி, அமிலம் போகும்வரை நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைப்பார்கள். கழுவல் குறைந்தால் எலும்பு பிறகு வெடிக்கும். மேரியிடம் இருந்தவை சுத்தியலும் உளியும் பொறுமையும்தான்.

[காட்சி: நீண்ட கழுத்துள்ள எலும்புக்கூட்டின் கோட்டோவியம்]

கிடந்த கிடப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1823 டிசம்பரில் மேரி எடுத்த முழு பிளீசியோசரே (நீண்ட கழுத்துள்ள கடல் ஊர்வன) சாட்சி. கழுத்தில் மட்டும் 35 முள்ளெலும்புகள்! படத்தைப் பார்த்த பாரிஸ் அறிஞர் குவியே, இரண்டு விலங்குகளை ஒட்டியிருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். ஐரோப்பாவே மதித்த உடற்கூற்றியல் மேதை அவர். அந்தச் சந்தேகம் நிலைத்திருந்தால் மேரியின் பிழைப்பே போயிருக்கும். எலும்புகள் வரிசை குலையாமல் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தன. தவறு தன்னுடையதே என்று குவியே பின்னர் ஒப்புக்கொண்டார்.

[காட்சி: உடைத்த கருங்கூழாங்கல், உள்ளே மினுங்கும் செதில்கள்]

பெசோவார் என்று அழைக்கப்பட்ட இந்த உருண்டைகளைப் பலரும் வெறும் கல்லாகத்தான் பார்த்தார்கள். மேரியோ இவை இக்தியோசரின் வயிற்றுப் பகுதியில் கிடப்பதைக் கவனித்தார். உடைத்தால் உள்ளே மீன் முள்ளும் செதிலும். அத்தனையும் கல்லாகிப்போன சாணம்! 1829-இல் புவியியலாளர் பக்லண்ட் இதற்குக் கோப்ரோலைட் என்று பெயரிட்டார். ஒரு விலங்கு எதைத் தின்றது என்று அதன் வயிற்றிலிருந்தே படிக்கும் வழி இப்படித்தான் திறந்தது. எனக்கு அவருடைய ஆகப்பெரிய வேலையாகப் படுவது எந்தப் பெரிய எலும்புக்கூடும் அல்ல, இந்தச் சின்ன உருண்டைதான்.

1824 பிப்ரவரி 20 அன்று லண்டன் புவியியல் சங்கத்தில் புவியியலாளர் கோனிபியர் அந்தப் பிளீசியோசரை விளக்கினார். மேரியின் பெயரைச் சொல்லவில்லை. அந்தச் சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1919-இல். மேரி 1847-இலேயே, 47 வயதில், மார்பகப் புற்றுநோயால் இறந்துவிட்டார்.

[காட்சி: பெரிய கண்குழியுள்ள மண்டையோடு]

இதுதான் ஜோசப் கண்ட அந்த முதல் மண்டையோடு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேரி கண்டுபிடித்த உடல் பகுதி பின்னர் எப்போதோ இதிலிருந்து பிரிந்து தொலைந்துபோனது.